மாரடைப்புக்குப் பின் எடுக்கும் எக்கோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாரடைப்பு வந்து பிழைத்தவரின் வீட்டில் ஓர் எண் வாய்க்கு வாய் பரவும். ‘பம்பிங் 35தானாம்’ என்று ஒருவர் சொல்ல, அடுத்த வீட்டுக்குப் போகும்போது அது ‘இதயம் மூன்றில் ஒரு பங்குதான் வேலை செய்கிறதாம்’ என்று மாறியிருக்கும். எக்கோ, அதாவது ஒலியால் இதயத்தைப் படம்பிடிக்கும் பரிசோதனை, தரும் எண் அது. அந்த எண் எப்படிக் கிடைக்கிறது, எப்போது அதை நம்பலாம், எப்போது பொறுத்திருக்க வேண்டும் என்று நிதானமாகப் பேச மருத்துவமனைப் பரபரப்பில் நேரம் வாய்ப்பதில்லை. அதற்காகவே இந்தப் பக்கம். மருந்தையும் சிகிச்சையையும் உங்கள் மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவட்டும்.

ஆஞ்சியோகிராம் எடுத்து ஸ்டென்ட்டும் வைத்தாயிற்று. பிறகு எக்கோ எதற்கு?

ஆஞ்சியோகிராமில் தெரிவது ரத்தக் குழாய். எக்கோவில் தெரிவது அந்தக் குழாயை நம்பி வாழ்ந்த தசை. அடைப்பை நீக்கியதும் ரத்தம் மறுபடியும் ஓடுகிறது, உண்மைதான். ஆனால் அடைபட்டிருந்த நேரத்தில் எவ்வளவு தசை செத்தது, எவ்வளவு தப்பியது, மிச்சமுள்ள இதயம் கூடுதல் சுமையை எப்படித் தாங்குகிறது, வால்வு ஒழுகுகிறதா, அறைக்குள் ரத்தம் உறைந்து கிடக்கிறதா என்பதையெல்லாம் அறிய எக்கோதான் வேண்டும். மாரடைப்புக்குப் பிறகு ஒருவரின் எதிர்காலத்தைக் கணிக்க உதவும் அளவுகளில், உடலுக்கு ரத்தத்தை அனுப்பும் இடது கீழறையின் செயல்திறன் முன்வரிசையில் நிற்கிறது. எந்த மாத்திரைகள், எவ்வளவு காலம், கருவி பொருத்த வேண்டுமா என்ற முடிவுகளில் பல அதைப் பொறுத்தே எடுக்கப்படுகின்றன.

சில நேரங்களில் ஆஞ்சியோவுக்கு முன்பே எக்கோ எடுப்பார்கள். நெஞ்சுவலி இருக்கிறது, இ.சி.ஜி. தெளிவாக இல்லை என்றால் எக்கோ கைகொடுக்கும். குழாய் அடைபட்ட சில நொடிகளிலேயே அந்தப் பகுதித் தசை சுருங்குவதில் தடுமாறத் தொடங்கிவிடுகிறது. இ.சி.ஜி. மாற்றமும் வலியும் வழக்கமாக அதற்குப் பின்னால்தான் வருகின்றன.

வெறும் ஒலியை வைத்து இதயத்தை எப்படிப் படம் பிடிக்கிறார்கள்?

மனிதக் காது கேட்கக்கூடிய உச்ச அளவு நொடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வுகள். பெரியவர்களின் இதயத்தைப் பார்க்கப் பயன்படும் கருவி நொடிக்கு 20 லட்சம் முதல் 50 லட்சம் அதிர்வுகள் வரை உள்ள ஒலியை அனுப்புகிறது. உடலின் மென்திசுக்களில் ஒலி நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் செல்கிறது. தசையும் ரத்தமும் சந்திக்கும் எல்லைகளில் அதன் ஒரு பகுதி எதிரொலித்துத் திரும்பும். திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்பதிலிருந்து அந்த எல்லை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கருவி கணக்கிடுகிறது. 16 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போய் வர ஒரு நொடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு நேரம் போதும். அதனால்தான் துடிக்கும் இதயத்தை அது துடிக்கும்போதே பார்க்க முடிகிறது.

இதயத்தின் எதிரொலியை முதலில் பதிவு செய்தவர்கள் ஸ்வீடனின் லுண்ட் நகரைச் சேர்ந்த மருத்துவர் இங்கே எட்லரும் இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸும். ஆண்டு 1953. உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் கப்பல் கட்டும் தளத்தில் வைத்திருந்த கருவியை இரவல் வாங்கித்தான் அவர்கள் தொடங்கினார்கள். இன்று உலகெங்கும் படுக்கையருகே உருட்டி வரப்படும் எக்கோ கருவிகளின் வரலாறு அங்கிருந்து வளர்கிறது.

பரிசோதனைக்கு எப்படித் தயாராக வேண்டும்? வலிக்குமா?

வழக்கமான எக்கோவுக்குப் பட்டினி கிடக்கத் தேவையில்லை. கதிர்வீச்சு கிடையாது, ஊசி கிடையாது. புதிதாக வைத்த ஸ்டென்ட்டை அது அசைத்துவிடாது. இடப்பக்கமாகத் திரும்பிப் படுக்கச் சொல்வார்கள். இதயம் மார்புச் சுவரை ஒட்டி வரவும், நடுவில் குறுக்கிடும் நுரையீரல் சற்று விலகவும் அது உதவுகிறது. காற்றும் எலும்பும் இந்த ஒலிக்குத் தடைகள். ஆகவே விலா எலும்புகளின் இடுக்கில் கருவியை அழுத்தி வைத்துப் பார்ப்பார்கள். சிலருக்கு அந்த அழுத்தம் உறுத்தலாம். சொன்னால் தளர்த்துவார்கள். மூச்சை அடக்கச் சொல்லும்போது முடிந்தவரை அடக்குங்கள், படம் தெளிவாக விழும்.

உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோ வேறு. அதற்கு வெறும் வயிறு அவசியம்.

தசை பாதிக்கப்பட்டிருப்பதை எதை வைத்துச் சொல்கிறார்கள்?

நலமான இதயச் சுவர் ஒவ்வொரு துடிப்பிலும் இரண்டு வேலைகளைச் செய்கிறது: உள்நோக்கி நகர்கிறது, அத்துடன் தடிக்கிறது. இவ்விரண்டில் தடிப்பதற்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். நகர்வு ஏமாற்றக்கூடியது. செத்த தசையைப் பக்கத்திலிருக்கும் நல்ல தசை இழுத்துக்கொண்டு போனால், செத்ததும் நகர்வது போலத் தோன்றும். ஆனால் செத்த தசையால் தானாகத் தடிக்க முடியாது. நல்ல தசை சுருங்கும்போது தன் தடிமனில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கூடுதலாகத் தடிக்கும்.

இடது கீழறையின் சுவரை 16 அல்லது 17 பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இடுவார்கள். இயல்பாகச் சுருங்கினால் 1. அரைகுறையாகச் சுருங்கினால் 2. அறிக்கையில் ‘ஹைப்போகைனீசியா’ என்று இருக்கும். அசையாமல் கிடந்தால் 3, ‘அகைனீசியா’. மற்ற பகுதிகள் சுருங்கும் நேரத்தில் இது மட்டும் வெளியே பிதுங்கினால் 4, ‘டிஸ்கைனீசியா’. எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுப்பார்கள். 16 பகுதிகளில் 10 நன்றாகவும், 2 அரைகுறையாகவும், 4 அசையாமலும் இருந்தால் மொத்தம் 26, சராசரி ஏறக்குறைய 1.6. முழு நலமுள்ள இதயத்துக்கு இது 1. கூடக் கூடப் பாதிப்பும் அதிகம்.

‘ஆர்.டபிள்யூ.எம்.ஏ. இருக்கிறது’ என்று அறிக்கையில் கண்டால், சுவரின் ஏதோ ஒரு பகுதியில் இயக்கம் குறைந்திருக்கிறது என்பதே பொருள். எந்தப் பகுதி என்பதிலிருந்து எந்தக் குழாய் என்று ஊகிக்கலாம். முன்சுவர், இடைச்சுவரின் முன்பகுதி, இதய நுனி ஆகியவை எல்.ஏ.டி. எனப்படும் முன் இறங்கு தமனியின் ஆளுகை. கீழ்ச்சுவர் பெரும்பாலானவர்களுக்கு வலது கரோனரித் தமனியிலிருந்தும், பக்கச்சுவர் சர்கம்ஃபிளெக்ஸ் தமனியிலிருந்தும் ரத்தம் பெறுகின்றன. எல்லைகள் ஆளுக்கு ஆள் சற்று மாறும்.

தமனியைக் கட்டினால் தசை சுருங்காமல் பிதுங்கும் என்பதை டென்னன்ட், விக்கர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1935-இலேயே விலங்கு ஆய்வில் காட்டிவிட்டார்கள். உயிருள்ள மனிதரிடம் மார்பைத் திறக்காமல் அதைப் பார்க்க எக்கோ வரவேண்டியிருந்தது.

பம்பிங் 40 என்கிறார்கள். 100-க்கு 40-ஆ?

இல்லை. இந்தத் தவறான புரிதல்தான் வீடுகளில் தேவையற்ற கண்ணீருக்குக் காரணமாகிறது.

பம்பிங் என்று நாம் சொல்வது இ.எஃப். என்ற அளவு. இடது கீழறை நிரம்பியிருக்கும்போது உள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை ஒரு துடிப்பில் அது வெளியேற்றுகிறது என்பதே கணக்கு. எந்த இதயமும் முழுவதையும் வெளியேற்றுவதில்லை. அமெரிக்க, ஐரோப்பிய எக்கோ சங்கங்கள் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஆண்களுக்கு 52 முதல் 72 வரையும், பெண்களுக்கு 54 முதல் 74 வரையும் இயல்பு என்று வகுத்திருக்கின்றன. அதற்குக் கீழே 41 வரை லேசான குறைவு, 30 முதல் 40 வரை நடுத்தரக் குறைவு, 30-க்குக் கீழே கடுமையான குறைவு. ஆகவே 40 என்பதை 100-ஓடு ஒப்பிடக் கூடாது. 60-ஐ ஒட்டிய ஓர் எண்ணோடு ஒப்பிட வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஓர் இதயத்தில் 120 மில்லிலிட்டர் நிரம்பி 70 வெளியேறினால் இ.எஃப். 58. வீங்கிப் பெரிதான வேறோர் இதயத்தில் 180 நிரம்பி அதே 70 வெளியேறினால் இ.எஃப். 39. ஒவ்வொரு துடிப்பிலும் உடலுக்குப் போகும் ரத்தம் இரண்டிலும் ஒன்றுதான். 39 உள்ளவர் வீட்டுக்குள் சிரமமின்றி நடமாடுவதும், அவரைப் பார்த்து உறவினர்கள் வியப்பதும் இதனால்தான். ஆனால் இரண்டாவது இதயம் பெரிதாகித்தான் அந்த 70-ஐச் சமாளிக்கிறது. பெரிதாவது நீண்ட நாளுக்கு நல்லதன்று. எனவே அறிக்கையில் இ.எஃப்.-ஐ மட்டும் பார்க்காமல், கீழறையின் கொள்ளளவு எவ்வளவு என்பதையும் பாருங்கள். குறிப்பாகச் சுருங்கி முடித்தபின் உள்ளே மிஞ்சும் ரத்தத்தின் அளவு முக்கியம். அது மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போனால் இதயம் உருக்குலைந்து வருகிறது என்று அர்த்தம்.

மருத்துவமனையில் 35 என்றார்கள். இரண்டு மாதம் கழித்து 48. எது உண்மை?

இரண்டும் உண்மையாக இருக்கலாம். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

ரத்தம் நின்றுபோன தசை முழுவதும் செத்துவிடுவதில்லை. நேரத்துக்குள் குழாய் திறக்கப்பட்டால் விளிம்பில் இருந்த தசை உயிர் பிழைக்கிறது. பிழைத்தாலும் உடனே வேலைக்குத் திரும்புவதில்லை. ரத்தம் தாராளமாக வந்துகொண்டிருக்கும்போதும் நாள்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில், சுருங்காமல் திகைத்து நிற்கிறது. இந்த நிலைக்கு 1982-இல் யூஜின் பிரௌன்வால்டும் ராபர்ட் க்ளோனரும் தெளிவான வடிவம் கொடுத்தார்கள். ரத்தம் திடீரென்று திரும்பி வரும்போது தசைச் செல்களுக்குள் கால்சியம் அளவுக்கு மீறிப் புகுகிறது. தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன. இவற்றால் சுருங்கும் புரதங்கள் கால்சியத்தின் கட்டளைக்குச் சரியாகப் பதில் தராமல் போகின்றன. செல் மெல்லத் தன்னைச் சீர்செய்துகொண்டு மறுபடி சுருங்கத் தொடங்குகிறது.

முதல் நாள்களில் எடுத்த எக்கோவில் செத்த தசையும் திகைத்த தசையும் ஒன்றுபோலவே அசையாமல் கிடக்கும். படத்தில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். ஆகவே முதல் வாரத்து 35-இல் ஒரு பகுதி நிரந்தர இழப்பு, ஒரு பகுதி தற்காலிக முடக்கம். எவ்வளவு எது என்பதைக் காலம்தான் பிரித்துக் காட்டும். இந்த எண்ணைக் கேட்டதும் மனம் உடைந்து, வேலையை விடுவதா, வீட்டை விற்பதா என்று முடிவெடுக்கத் தொடங்கும் குடும்பங்களிடம் நான் மன்றாடிச் சொல்வது இதுதான்: அடுத்த எக்கோ வரை எந்தப் பெரிய முடிவும் வேண்டாம்.

எதிர்த்திசையிலும் நடக்கும் என்பதை மறைக்கக் கூடாது. முதல் நாளில் பாதிக்கப்படாத சுவர்கள் வழக்கத்தைவிட வேகமாகச் சுருங்கி ஈடுகட்டுவதால் இ.எஃப். 50-க்கு மேல்கூடத் தெரியலாம். சில வாரங்களில் அந்த வேகம் தணியும். பெரிய முன்சுவர் மாரடைப்பாக இருந்தால் பாதிக்கப்பட்ட பகுதி மெலிந்து விரிந்து, கீழறை நீள்வடிவத்தை இழந்து பந்து போலாகி, எண் இறங்கவும் செய்யும். ‘முதல் எக்கோ நன்றாக இருந்ததே, இனி எதற்கு?’ என்று மறு எக்கோவைத் தவிர்ப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

அப்படியானால் எந்தெந்த நேரத்தில் எக்கோ எடுக்க வேண்டும்?

மருத்துவமனையில் இருக்கும்போதே ஒன்று, எல்லோருக்கும். அப்போது இ.எஃப். 40 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் 6 முதல் 12 வாரங்களுக்குள் இன்னொன்று. இடையில் புதிதாக மூச்சிரைப்பு, கால் வீக்கம், மயக்கம் என்று ஏதாவது வந்தால் நாள் பார்க்காமல் உடனே.

இந்த இரண்டாவது எக்கோவைத்தான் மக்கள் அதிகமாகத் தவறவிடுகிறார்கள். வலி போய்விட்டது, நடக்க முடிகிறது, பிறகு எதற்கு என்று நினைத்துவிடுகிறார்கள்.

இதயத்துக்குள் ஐ.சி.டி. என்ற கருவி வைக்க வேண்டியிருக்கும், ஆனால் காத்திருப்போம் என்கிறார் மருத்துவர். ஆபத்து என்றால் உடனே வைக்க வேண்டியதுதானே?

கேள்வி நியாயமானது. இதயத் துடிப்பு திடீரெனத் தாறுமாறானால் மின்னதிர்வு கொடுத்து மீட்கும் கருவி அது. உகந்த மருந்துகளுக்குப் பிறகும் இ.எஃப். 35 அல்லது அதற்குக் கீழே நின்று, இதயச் செயலிழப்பின் (உடலுக்குத் தேவையான அளவு ரத்தத்தை இதயத்தால் அனுப்ப முடியாத நிலையின்) அறிகுறிகளும் இருப்பவர்களுக்கு அது உயிர் காக்கும். ஆனால் மாரடைப்பு வந்து குறைந்தது 40 நாள்களும், ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்து சுமார் 90 நாள்களும் கழிந்த பின் எடுத்த எக்கோவை வைத்தே முடிவெடுப்பது வழக்கம். ஒரு காரணம், மேலே சொன்ன திகைத்த தசை. இ.எஃப். தானாகவே உயர்ந்து கருவிக்கே அவசியமில்லாமல் போகலாம். இன்னொரு காரணம், 2004-இல் வெளியான டினாமிட் ஆய்வு. மாரடைப்பு வந்து 6 முதல் 40 நாள்களுக்குள் இந்தக் கருவியைப் பொருத்திப் பார்த்தபோது, துடிப்புக் கோளாறால் நேரும் மரணம் குறைந்தும் மொத்த மரணங்கள் குறையவில்லை. முதல் நாள்களிலேயே கடும் துடிப்புக் கோளாறு வந்தவர்களுக்கு முடிவு வேறாக இருக்கலாம். அதை மருத்துவர் தனியாக எடைபோடுவார்.

ஒரே வாரத்தில் இரண்டு இடங்களில் எடுத்தோம். ஒன்றில் 42, மற்றதில் 47. யாரோ தவறு செய்துவிட்டார்களா?

அவசியமில்லை. இருபரிமாண எக்கோவில் ஒரே ஆளுக்கு ஐந்து புள்ளி வேறுபாடு சாதாரணம். பத்து வரைகூடப் போகலாம். ரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தது, துடிப்பு எவ்வளவு வேகம், கருவியை வைத்த கோணம், அறையின் உள்வரம்பை எங்கே வரைந்தார்கள் என்பவை எல்லாம் எண்ணை மாற்றும். இதய நுனியைச் சரியாகப் பிடிக்காமல் குறுக்கே வெட்டிப் படமெடுத்தால், நுனியில் உள்ள பாதிப்பு மறைந்து எண் கூடுதலாகத் தெரியும். முன்சுவர் மாரடைப்பில் இந்தப் பிழை மிகவும் பாதிக்கும்.

எந்த முறையில் அளந்தார்கள் என்று பாருங்கள். இரண்டு கோணங்களில் அறையின் வரம்பை வரைந்து கணக்கிடும் சிம்ப்ஸன் முறையே இருபரிமாண எக்கோவில் பரிந்துரைக்கப்படுவது. ஒற்றைக் கோட்டில் விட்டத்தை மட்டும் அளந்து கணக்கிடும் பழைய எம்-மோடு முறை மாரடைப்பு வந்த இதயத்துக்குப் பொருந்தாது. சுவர் எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சுருங்குகிறது என்ற அனுமானத்தில் அமைந்தது அது. மாரடைப்பில் உடைந்துபோவதே அந்தச் சீர்தான். முப்பரிமாண எக்கோ இருந்தால் இன்னும் நல்லது. முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே முறையில் தொடர்ந்து எடுத்தால் ஒப்பிடுவதற்கு அர்த்தமிருக்கும்.

‘ஸ்ட்ரெய்ன் -13’ என்று எழுதியிருக்கிறார்கள். அது என்ன?

இதயத் தசை நார்கள் ஒரே திசையில் ஓடுவதில்லை. உள்ளடுக்கில் நீளவாக்கில், நடுவில் வட்டமாக, வெளியே மறுபடி சாய்வாக ஓடுகின்றன. ஆகவே இதயம் சுருங்கும்போது ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுகவும் செய்கிறது, நீளத்தில் குறையவும் செய்கிறது. இந்த நீளக் குறைவைச் சதவீதத்தில் சொல்வதுதான் நீளவாட்டு ஸ்ட்ரெய்ன். எக்கோ படத்தில் தசைக்குள் தெரியும் சிறு புள்ளிகளைக் கணினி ஒவ்வொரு சட்டகத்திலும் பின்தொடர்ந்து இதைக் கணக்கிடுகிறது. நீளம் குறைவதால் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி. இயல்பான அளவு ஏறக்குறைய -20. பூச்சியத்தை நோக்கி நகர நகர மோசம். எனவே -13 என்பது -20-ஐ விடப் பலவீனம்.

மாரடைப்பில் இதற்குத் தனி மதிப்பு இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. குழாய் அடைபட்டால் தசை உள்ளடுக்கிலிருந்து வெளிநோக்கி அலைபோலச் சாகிறது என்று 1977-இல் ரீமரும் ஜென்னிங்ஸும் காட்டினார்கள். நீளவாக்கு நார்கள் நிறைந்திருப்பது அந்த உள்ளடுக்கில்தான். அதனால் இ.எஃப். இன்னும் 50-க்கு மேல் இருக்கும்போதே ஸ்ட்ரெய்ன் குறைந்திருப்பதைக் காணலாம். சிறு பாதிப்புகளை இது காட்டிக்கொடுக்கும். பகுதிவாரியாக வண்ண வட்டத்தில் வரைந்து காட்டுவதால், எந்தச் சுவர் சோர்ந்திருக்கிறது என்பதும் ஒரே பார்வையில் தெரியும். ஒரு கருவியில் எடுத்த அளவை வேறு நிறுவனத்தின் கருவியில் எடுத்ததோடு ஒப்பிடுவதில் கவனம் தேவை. கணக்கிடும் மென்பொருள்கள் ஒன்றுபோல இல்லை.

இ.எஃப். 55 என்று இருந்தும் படியேறினால் மூச்சு வாங்குகிறதே?

சுருங்குவது பாதி வேலை. மறுபாதி, தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்வது. தழும்பேறிய தசை விறைப்பாக இருந்தால் நிரம்புவதற்கு அதிக அழுத்தம் தேவைப்படும். அந்த அழுத்தம் பின்னோக்கி நுரையீரலைத் தாக்கும். இதை டாப்ளர் முறையில், அதாவது ரத்தமும் தசையும் நகரும் வேகத்தை ஒலியால் கண்டறியும் முறையில், அளக்கிறார்கள். அறிக்கையில் ‘ஈ பை ஈ பிரைம்’ (E/e′) என்ற விகிதம் 14-க்கு மேல் போயிருந்தாலோ இடது மேலறை பெரிதாகியிருந்தாலோ நிரம்பும் அழுத்தம் கூடியிருக்க வாய்ப்பு அதிகம்.

இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு ஒழுகுவது இன்னொரு காரணம். ஒழுகல் இருக்கும்போது இ.எஃப். நம்மை ஏமாற்றும். வெளியேறும் ரத்தத்தில் ஒரு பங்கு பின்னோக்கி மேலறைக்குள் போனாலும் கணக்கில் அது ‘வெளியேறியது’ என்றே சேரும். நுரையீரல் நோய், ரத்தசோகை, சில மருந்துகள் போன்ற காரணங்களும் இருக்கலாம். எக்கோ நன்றாக இருக்கிறது என்று அறிகுறியை ஒதுக்கிவிடாதீர்கள்.

இதய நுனியில் ரத்தம் உறைந்திருக்கிறது என்றார்கள். ஸ்டென்ட் வைத்த பிறகும் எப்படி?

இது குழாயில் வந்த உறைவு அன்று, அறைக்குள் வந்தது. நுனி அசையாமல் கிடந்தால் அங்கே ரத்தம் சுழலாமல் தேங்குகிறது. காயப்பட்ட உட்சுவரும் சேர்ந்துகொள்ள, பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் உறைகட்டி உருவாகிறது. பெரிய முன்சுவர் மாரடைப்பில்தான் இது அதிகம். துண்டாகிப் பிரிந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். ஆகவே ரத்த உறைவைத் தடுக்கும் மருந்தை வழக்கமாக மூன்று மாத அளவுக்குக் கொடுத்து, மறுபடி படமெடுத்துப் பார்த்து முடிவெடுப்பார்கள்.

நுனியை எக்கோவில் தெளிவாகப் பார்ப்பது எளிதன்று. சந்தேகம் இருந்தால் நரம்பில் நுண்குமிழிகள் கொண்ட திரவத்தை ஏற்றி எடுப்பார்கள். ஒலியில் அந்தக் குமிழிகள் பளிச்சென்று மின்ன, உறைகட்டி மட்டும் கறுப்பாக நிற்கும். இந்தத் திரவம் ஆஞ்சியோவில் பயன்படும் அயோடின் சாயம் அன்று, சிறுநீரகத்தைப் பாதிப்பதில்லை. குமிழிக்குள் இருக்கும் வாயு மூச்சு வழியே வெளியேறிவிடும். எம்.ஆர்.ஐ. இன்னும் துல்லியமாகக் காட்டும்.

மூன்றாம் நாள் திடீரென்று மூச்சுத்திணறல். எக்கோ கருவியை ஓட்டமாகப் படுக்கைக்கே கொண்டுவந்தார்கள். எதைத் தேடினார்கள்?

செத்த தசை முதல் வாரத்தில் மென்மையாகிக் கிழியக்கூடும். அரிதானது, ஆனால் உயிருக்கு உலை வைப்பது. கிழியும் இடம் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

மைட்ரல் வால்வைக் கயிறுகளால் பிடித்து நிற்கும் தசைத்தூண் அறுந்தால் வால்வு மடல் படபடவென்று அடித்துக்கொண்டு ரத்தம் பின்னோக்கிப் பாயும். இரண்டு தூண்களில் பின்புறத் தூணுக்குப் பெரும்பாலும் ஒரே தமனியிலிருந்துதான் ரத்தம். எனவே அதுவே அதிகம் அறுகிறது. மாரடைப்பு சிறியதாக இருந்தாலும் இது நேரலாம். கீழறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் ஓட்டை விழுந்தால் வண்ண டாப்ளரில் இடமிருந்து வலமாக ரத்தம் பீறிடுவது தெரியும். வெளிச்சுவர் கிழிந்தால் இதய உறைக்குள் ரத்தம் நிரம்பி இதயத்தையே நெருக்கிவிடும். இவற்றைச் சில நிமிடங்களில், நோயாளியை நகர்த்தாமல் கண்டுபிடிக்க எக்கோவைப்போல வேறொன்று இல்லை. பெரும்பாலும் அடுத்த கட்டம் அவசர அறுவைசிகிச்சை.

கீழ்ச்சுவர் மாரடைப்பு என்றார்கள். வலப்பக்கத்தையும் ஏன் அளந்தார்கள்?

வலது கரோனரித் தமனி அடைபட்டால் வலது கீழறையும் பாதிக்கப்படலாம். அப்போது நுரையீரல் தெளிவாக இருந்தும் ரத்த அழுத்தம் சரியும். நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை அதை மேலும் சரித்துவிடும். மருந்தைத் தேர்ந்தெடுக்க இந்தத் தகவல் வேண்டும். வலது கீழறை துடிக்கும்போது அதன் வால்வு வளையம் 17 மில்லிமீட்டருக்குக் குறைவாக நகர்ந்தால் அது பலவீனத்தின் அடையாளம். நல்ல செய்தி, வலது கீழறை பெரும்பாலும் நன்றாகவே மீள்கிறது.

அசையாத தசை செத்ததா, உயிரோடு இருக்கிறதா என்று எக்கோவால் சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். சுவர் 6 மில்லிமீட்டருக்கும் கீழாக மெலிந்து, வெள்ளையாகப் பளிச்சிட்டால் பெரும்பாலும் தழும்புதான். தடிமன் குறையாமல் அசைவு மட்டும் இல்லை என்றால் நம்பிக்கை உண்டு. அப்போது இதயத்தைத் தூண்டும் டோபுடமின் மருந்தைச் சிறு அளவில் ஏற்றிக்கொண்டே எக்கோ எடுப்பார்கள். உயிருள்ள தசை அந்தத் தூண்டுதலில் சுருங்கத் தொடங்கும். அளவைக் கூட்டும்போது மறுபடி சோர்ந்தால், அந்தத் தசை உயிரோடு இருக்கிறது, ஆனால் அதற்கு வரும் ரத்தம் போதவில்லை என்று பொருள். நீண்ட நாள் ரத்தப் பற்றாக்குறையில் வேலையைக் குறைத்துக்கொண்டு உயிரைக் காத்துக்கொள்ளும் தசை இது.

உயிர் இருக்கிறது என்று தெரிந்தால் உடனே ஸ்டென்ட் வைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? அப்படித்தான் பல ஆண்டுகள் நம்பப்பட்டது. 2022-இல் வெளியான ரிவைவ்ட் ஆய்வில், இ.எஃப். 35-க்கு மேற்படாத, உயிருள்ள தசை இருப்பது உறுதிசெய்யப்பட்ட நோயாளிகளுக்கு நல்ல மருந்துகளோடு ஸ்டென்ட்டும் வைத்தபோது, மருந்து மட்டும் பெற்றவர்களைவிட மரணமோ இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வதோ குறையவில்லை. அந்த ஆய்வு புது மாரடைப்பு வந்தவர்களுக்குச் செய்யப்பட்டதன்று. மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது குழாயைத் திறப்பது வேறு. அங்கே ஒவ்வொரு நிமிடமும் தசையைக் காக்கிறது.

எக்கோ நார்மல் என்றால் குழாயில் அடைப்பு இல்லை என்று கொள்ளலாமா?

கூடாது. ஓய்வில் எடுக்கும் எக்கோ குழாயைக் காட்டுவதில்லை. 80 சதவீத அடைப்பு இருந்தும் ஓய்வில் தசை இயல்பாகச் சுருங்கலாம்.

மாரடைப்பு போலவே வந்தது, எக்கோவிலும் நுனி அசையவில்லை, ஆனால் ஆஞ்சியோவில் அடைப்பே இல்லை என்கிறார்களே?

டாகோட்சுபோ என்ற நிலையாக இருக்கலாம். 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்தது. பெரும் துயரமோ உடல் நெருக்கடியோ தூண்டும். மாதவிடாய் நின்ற பெண்களிடம் அதிகம். பாதிப்பு எந்த ஒரு குழாயின் எல்லைக்குள்ளும் அடங்காமல் பரவியிருப்பதை எக்கோ காட்டும். வழக்கமாகச் சில வாரங்களில் சுவரின் இயக்கம் திரும்பிவிடும். முதல் நாள்களில் ஆபத்தில்லாதது என்று எண்ணிவிடக் கூடாது.

இ.எஃப். 36-லிருந்து 52-க்கு வந்துவிட்டது. இனி மாத்திரைகளை நிறுத்தலாமா?

தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்த உயர்வில் மருந்துகளின் பங்கு பெரிது. மாரடைப்புக்குப் பின் இ.எஃப். 40-ஐத் தாண்டாதவர்களுக்கு, ரத்தக் குழாய்களைத் தளர்த்தி இதயத்தின் சுமையைக் குறைக்கும் ஏ.சி.இ. தடுப்பான்கள் உயிர் காக்கும் என்று 1992-இல் சேவ் ஆய்வும், அதே அளவு குறைந்து இதயச் செயலிழப்பின் அறிகுறியோ நீரிழிவோ உள்ளவர்களுக்கு எப்ளிரினோன் என்ற மருந்து உதவும் என்று 2003-இல் எஃபிசஸ் ஆய்வும் காட்டின. இவை கீழறை வீங்குவதைத் தடுத்துப் பழைய வடிவத்தை நோக்கித் திருப்புகின்றன. தாங்கிப் பிடித்த கையை எடுத்தால் சரிவு மறுபடி தொடங்கக்கூடும்.

மாரடைப்பு வந்தபோதே இ.எஃப். 50 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களின் கதை சற்று வேறு. அவர்களுக்கு, இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் பீட்டா தடுப்பான் மருந்தால் மரணமோ மறு மாரடைப்போ குறையவில்லை என்று 2024-இல் ரெடியூஸ் ஆய்வு சொன்னது. இதைப் படித்துவிட்டு 36-லிருந்து 52-க்கு ஏறியவர் தன்னையும் அதே கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளக் கூடாது. தொடக்க எண் என்ன என்பதைப் பொறுத்தே அந்த முடிவு.

மறு எக்கோவுக்குப் போகும்போது எதை எடுத்துச் செல்ல வேண்டும்?

பழைய அறிக்கையை மட்டுமன்றி, அசையும் படங்கள் அடங்கிய குறுந்தகட்டையோ பென் டிரைவையோ கேட்டு வாங்கி எடுத்துச் செல்லுங்கள். அருகருகே ஓடவிட்டு ஒப்பிடும்போது, எண்ணில் தெரியாத முன்னேற்றமும் சுவரில் தெரியும். ஆஞ்சியோ அறிக்கை, மாரடைப்பு வந்த தேதி, ஸ்டென்ட் வைத்த தேதி, இப்போது சாப்பிடும் மருந்துகளின் பட்டியல் ஆகியவையும் கையில் இருக்கட்டும். அன்று காலை மருந்தை வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டே போங்கள். டோபுடமின் எக்கோவாக இருந்தால் மட்டும், பீட்டா தடுப்பானை நிறுத்தி வைக்க வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.